லட்ச ரூபாய் டி.ஜே மிக்ஸரில் முதலில் தேய்வது எது?

கல்யாண ரிசப்ஷனில் எல்லோர் கண்ணும் மேடைமேல்தான் இருக்கும். மண்டபத்தின் ஓரத்தில், ஒரு காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருக்கும் இளைஞரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால், பாட்டு நடுவில் ஒரே ஒரு நொடி நின்றுவிட்டால் போதும்... பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கூட இலையிலிருந்து தலையைத் தூக்கி அவரைத்தான் பார்ப்பார்!

அந்த ஒரு நொடி வராமல் பார்த்துக்கொள்ளும் பெட்டிதான் டி.ஜே மிக்ஸர். பெயரைக் கேட்டதும் காராபூந்தி, ஓமப்பொடி ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆனால், விலையைக் கேட்டால் சிரிப்பு வராது. தொழில்முறை மிக்ஸர்களில் முன்னணி மாடல்கள் இந்தியாவில் இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டுகின்றன.

"டி.ஜே வேலைக்குப் போறேன், நல்ல மிக்ஸர் வாங்கணும்" என்று பிள்ளை வந்து நிற்கிற வீடுகளில் அப்பா அம்மா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இவ்வளவு பணம் போட்டா எத்தனை வருஷம் உழைக்கும்?" சரியான கேள்வி. ஆனால், கடைக்காரரிடமோ விளம்பரத்திடமோ கேட்டால் கிடைக்கும் பதில், "கட்டை மாதிரி இருக்கு சார், தூக்கிப் பாருங்க!" என்பதாகத்தான் இருக்கும். கனமாக இருப்பது வேறு, உழைப்பது வேறு. இந்த வாரம் அந்த வித்தியாசத்தைப் பார்ப்போம்.

மிக்ஸர் என்ன செய்கிறது?

ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டைத் தயார் செய்து, இரண்டையும் தாளம் பிசகாமல் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடுவதுதான் டி.ஜேவின் அடிப்படை வேலை. பாட்டு வருவது பிளேயரிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ. கலப்பது மிக்ஸரில்.

அதன் முகப்பில் இருப்பவை மூன்று வகைதான். மேலும் கீழும் தள்ளும் ஃபேடர்கள், திருகும் குமிழ்கள், அழுத்தும் பட்டன்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நெடுக்குக் கோடு. அதை 'சேனல்' என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கீழே இடமும் வலமும் ஓடும் ஒற்றை ஃபேடருக்கு 'கிராஸ்ஃபேடர்' என்று பெயர். இடப்பக்கம் தள்ளினால் ஒரு பாட்டு, வலப்பக்கம் தள்ளினால் இன்னொரு பாட்டு.

'கன்ட்ரோலர்' என்று ஒரு பொருளும் கடைகளில் இருக்கும். பாட்டைச் சுழற்றும் வட்டுகளும் மிக்ஸர் பகுதியும் ஒரே பலகையில் சேர்ந்து, லேப்டாப்போடு இணைந்து இயங்கும் கருவி அது. விலை குறைவு. பலரும் கற்றுக்கொள்வது அதில்தான். தனி மிக்ஸர் என்பது அடுத்த படி. எந்த பிளேயரையும், எந்த மைக்கையும், எந்த லேப்டாப்பையும் மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பலம். நாம் பேசப்போவது இந்தத் தனி மிக்ஸரைப் பற்றி.

ஒரு கோடி தள்ளல்: பெரிய எண்ணா, சின்ன எண்ணா?

மிக்ஸரின் இரும்பு உடம்பு அவ்வளவு சீக்கிரம் கெடாது. முதலில் தேய்வது கை அதிகம் படும் இடம். அதாவது கிராஸ்ஃபேடர், அடுத்து சேனல் ஃபேடர்கள், பிறகு 'க்யூ' பட்டன்கள்.

சாதாரண ஃபேடருக்குள் கார்பன் பூசிய ஒரு தடமும், அதன்மேல் உரசியபடி ஓடும் ஒரு சிறு உலோக நாக்கும் இருக்கின்றன. பழைய ரேடியோவில் வால்யூமைத் திருகும்போது 'கரகர' என்று கேட்குமே, அதே கதைதான். தூசி படியப் படிய, தடம் தேயத் தேய, சத்தம் கரகரக்கும். கடைசியில் முழுக்க ஒரு பக்கம் தள்ளிய பிறகும் மறுபக்கப் பாட்டு லேசாகக் கசிந்து கேட்கும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் உரசாத ஃபேடர். நாக்குக்குப் பதிலாக காந்தம். ஃபேடர் எங்கே நிற்கிறது என்பதை உணரி தொடாமலே படித்துக்கொள்ளும். அமெரிக்காவின் 'ரேன்' நிறுவனம் தன் மிக்ஸர்களில் இந்தக் காந்த ஃபேடரை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறது. ஜப்பானின் 'பயனியர் டி.ஜே' 2015-ல் வெளியிட்ட டி.ஜே.எம் எஸ்9 மாடலில் 'மேக்வெல்' என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. அந்த ஃபேடர் ஒரு கோடி முறைக்கு மேல் தள்ளினாலும் தாங்கும் என்கிறது நிறுவனம்.

ஒரு கோடி! கேட்கும்போது ஆயுசுக்கும் போதும் என்று தோன்றுகிறது இல்லையா? ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

'ஸ்கிராட்ச்' வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். இசைத்தட்டை முன்னும் பின்னும் இழுத்து 'விக்கி விக்கி' என்று சத்தம் எழுப்புபவர்கள். 1970-களின் நடுவில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த கலை அது. அவர்கள் கிராஸ்ஃபேடரை நொடிக்கு ஐந்து முறை தள்ளுவது சாதாரணம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 300, மணிக்கு 18,000. ஒரு கோடியைத் தொட சுமார் 555 மணி நேரம் போதும். தினம் ஒரு மணி நேரம் பயிற்சி செய்தால் ஒன்றரை வருடம்!

இப்போது கல்யாண டி.ஜேவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற மட்டும் ஃபேடரைத் தொடுகிறார். ஒரு நிகழ்ச்சிக்கு 200 தள்ளல் என்றாலும், ஒரு கோடியைத் தொட 50,000 கல்யாணம் வாசிக்க வேண்டும். அவர் பேரன் வந்தாலும் முடியாது.

அதே பொருள்தான். ஒருவருக்கு ஒன்றரை வருடம், இன்னொருவருக்கு ஆயுசுக்கும். 'எத்தனை வருஷம் உழைக்கும்' என்ற கேள்விக்கு, 'நீ என்ன வாசிக்கப்போகிறாய்?' என்ற எதிர்க்கேள்விதான் முதல் பதில். கல்யாண வேலைக்குப் போகிறவர், காந்த ஃபேடருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஸ்கிராட்ச் வாசிக்கிறவர் அதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

இருட்டில் கை தேடும் இடம்

உழைப்பைப் போலவே முக்கியம், கையாளும் வசதி. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறோம். உண்மையில் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு எட்டாத, கண்ணுக்குத் தெரியாத குமிழைத்தான் நாம் அவசரத்தில் முரட்டுத்தனமாகத் திருகுகிறோம். இடித்துக்கொண்டு நிற்கும் குமிழைத்தான் கைப்பட்டு உடைக்கிறோம்.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை இவை:

இடைவெளி: இரண்டு குமிழ்களுக்கு நடுவில் விரல் தாராளமாகப் போக வேண்டும். கடை வெளிச்சத்தில் எல்லாம் வசதியாகத்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு குமிழைத் தேடிப் பாருங்கள். மண்டபத்தில் லைட்டை அணைத்தால் நிலைமை அதுதான்.

வரிசை: ஒவ்வொரு சேனலிலும் மேலிருந்து கீழாக என்ன வரிசையில் குமிழ்கள் இருக்கின்றன என்பது கைக்கு மனப்பாடம் ஆகிவிடும். பயனியரின் டி.ஜே.எம் வரிசையில் மேலே ட்ரிம், பிறகு ஹை, மிட், லோ, அதன் கீழே கலர், க்யூ, ஃபேடர். வலப்பக்கம் எஃபெக்ட். பல மாடல்கள் மாறியும் இந்த அமைப்பின் எலும்புக்கூடு மாறவில்லை. ஒன்றில் பழகியவர் இன்னோர் ஊரில், இன்னொரு மாடலில் போய் நின்றாலும் கை தடுமாறாது. உலகம் முழுக்க கிளப்களில் இந்த வரிசை பரவியதற்கு இது பெரிய காரணம்.

மீட்டர்: ஒவ்வொரு சேனலுக்கும் தனியாக விளக்கு மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை, மஞ்சள் தாண்டி சிவப்பு எரிந்தால் ஒலி அலையின் தலை வெட்டுப்படுகிறது என்று அர்த்தம். "இன்னும் சத்தமா வைங்க" என்று மாமா ஒருவர் வந்து நிற்பார். டி.ஜே சிவப்பிலேயே ஓட்டுவார். அதில் அடிவாங்குவது மிக்ஸர் அல்ல, வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர். தெளிவான மீட்டர் இருக்கும் மிக்ஸர் ஸ்பீக்கரின் ஆயுளையும் காப்பாற்றும்.

மைக்: நம் ஊர் நிகழ்ச்சிகளில் பாட்டு அளவுக்குப் பேச்சும் உண்டு. மைக் உள்ளீடு எத்தனை, அதற்குத் தனி வால்யூம் இருக்கிறதா, யாராவது பேசும்போது பாட்டு தானாகத் தணியும் 'டாக்ஓவர்' வசதி உண்டா என்று கேளுங்கள். வெளிநாட்டு கிளப்பை மனதில் வைத்துச் செய்யப்பட்ட மாடல் எல்லாவற்றிலும் இது சிறப்பாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்று பள்ளிகள்

தொழில்முறை மிக்ஸர்களில் பெயர்கள் ஏராளம். குணத்தை வைத்துப் பார்த்தால் மூன்று பள்ளிகள் எனலாம்.

முதலாவது, பயனியர் டி.ஜே. கம்பெனியின் பெயர் 2020-ல் 'ஆல்ஃபாதீட்டா' என்று மாறிவிட்டது. பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம், ஒரே குடும்பம்தான். 2016-ல் வந்த டி.ஜே.எம் 900 நெக்ஸஸ் 2, 2023-ல் வந்த டி.ஜே.எம் ஏ9 இரண்டும் நான்கு சேனல் மிக்ஸர்கள். முழுக்க டிஜிட்டல். தாளத்தோடு ஒட்டி வேலை செய்யும் எஃபெக்ட்கள் உள்ளேயே இருக்கின்றன. இரண்டு லேப்டாப்களை ஒரே நேரத்தில் மாட்டலாம் என்பதால், ஒரு டி.ஜே முடித்து இன்னொருவர் தொடங்கும்போது பாட்டு நிற்காது.

ஏ9-ல் கவனிக்க வேண்டியது, அது கையாளும் வசதிக்காகவே திருத்தப்பட்ட மாடல் என்பது. பெட்டியை அகலமாக்கி குமிழ்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் தனித்தனி ஹெட்போனில் தனித்தனிப் பாட்டைக் கேட்டுத் தயார் செய்யலாம். போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டை உள்ளே விடலாம். "தம்பி, என் போன்ல ஒரு பாட்டு இருக்கு, அதப் போடுங்க" என்று வரும் விருந்தினரைச் சமாளிக்க இதைவிட என்ன வேண்டும்! நடுப்புள்ளியைத் தாண்டிக் கலர் குமிழ் தவறிப் போய்விடாமல் தடுக்கும் பூட்டும் உண்டு.

குறை? உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரு கணினி. ஃபேடரையோ பட்டனையோ மாற்றுவது எளிது. மூளையாக இருக்கும் சர்க்யூட் பலகையே போனால், பெரும்பாலும் பலகையோடு மாற்ற வேண்டும். செலவு கூடும்.

இரண்டாவது பள்ளி, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த 'ஆலன் அண்ட் ஹீத்'. அவர்களுடைய 'ஜோன் 92' மாடல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் உலகில் அது பீஷ்மரின் வயது! இது அனலாக் மிக்ஸர். உள்ளே எஃபெக்ட் இல்லை, தாளத்தை எண்ணிச் சொல்லும் திரை இல்லை. ஒலியை நான்கு பட்டைகளாகப் பிரித்துத் திருத்தலாம். சலித்தெடுக்கும் இரண்டு ஃபில்டர்கள் இருக்கின்றன. டெக்னோ, ஹவுஸ் போன்ற நீண்ட இசை வாசிப்பவர்களுக்கு அந்த ஃபில்டர்தான் உயிர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சேனல் ஃபேடர் வழியாகப் பாட்டு ஓடுவதில்லை. ஃபேடர் ஒரு மின்னழுத்தத்தை மட்டும் அனுப்பி, 'இவ்வளவு சத்தம் விடு' என்று உள்ளே இருக்கும் சுற்றுக்குக் கட்டளையிடுகிறது. அதனால், ஃபேடரில் கொஞ்சம் அழுக்குப் படிந்தாலும் கரகரப்பு நேராக ஸ்பீக்கருக்குப் போவது குறைகிறது. இதன் அடுத்த வாரிசான 'ஜோன் 96' 2018-ல் வந்தது. லேப்டாப் இணைப்புகள் சேர்ந்தன. கிராஸ்ஃபேடர் தேய்ந்தால் அதைக் கழற்றிவிட்டு 'இன்னோஃபேடர்' என்ற வேறு நிறுவனத் தயாரிப்பைப் பொருத்திக்கொள்ளவும் வழி செய்திருக்கிறார்கள்.

குறை? எஃபெக்ட் வேண்டுமென்றால் தனிக் கருவி வாங்க வேண்டும். டி.ஜே.எம்-ல் பழகியவருக்கு முதல் நாள் கை தடுமாறும்.

மூன்றாவது, ரேன். 2016-ல் 'இன்மியூசிக்' என்ற பெரிய நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு வந்த 'செவன்ட்டி', 'செவன்ட்டி டூ' மாடல்கள் ஸ்கிராட்ச் வாசிப்பவர்களுக்காகவே பிறந்தவை. இரண்டே சேனல். கிராஸ்ஃபேடரைச் சுற்றிக் கை இடிக்காமல் வெற்றிடம். காந்த ஃபேடர்கள். ஃபேடர் எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்பதைத் தன் விரலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. பயனியரின் எஸ்9, 2020-ல் வந்த எஸ்11 இரண்டும் இதே பள்ளி மாணவர்கள்தான். நான்கைந்து மைக், நாகஸ்வரம், கீபோர்டு என்று எல்லாவற்றையும் மாட்ட நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு சேனல் பெட்டி போதாது.

ஐம்பது வருடம் ஓடும் பெட்டியின் ரகசியம்

1970-களில் நியூயார்க் டிஸ்கோ கிளப்களில் கோலோச்சியது 'போசாக்' என்ற மிக்ஸர். அதில் ஃபேடரே கிடையாது, எல்லாம் திருகும் குமிழ்தான். அதன் பிறகு 1980-களில் 'யுரெய் 1620' என்ற மிக்ஸர் அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டின் தயாரிப்பும் நின்று பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும், பழைய பெட்டிகளைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து வாசிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அவை அவ்வளவு காலம் ஓடக் காரணம், கெடாமல் இருந்தது அல்ல. கெட்டால் திறக்க முடிந்தது. உள்ளே இருப்பது எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிற வகைப் பாகங்கள். ஒரு குமிழ் போனால் ஒரு குமிழை மாற்றலாம்.

இதைப் புரிந்துகொள்ள நியூயார்க் போக வேண்டியதில்லை. நம் ஊர் மைக்செட் கடைக்குப் போனாலே போதும். அப்பா காலத்து ஆம்ப்ளிஃபையர் இன்னமும் கோயில் திருவிழாவில் பாடிக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்தால் பத்து இடத்தில் சால்டரிங் செய்த தழும்பு தெரியும். அந்தத் தழும்புகள்தான் அதன் ஆயுசு.

ஆகவே, வாங்கும்போது 'கெடுமா?' என்று கேட்காதீர்கள். எல்லாம் கெடும். 'கெட்டால் எந்தப் பாகம் தனியாகக் கிடைக்கும்? எத்தனை நாளில் வரும்? யார் மாற்றுவார்?' என்று கேளுங்கள். ஃபேடர், ஃபேடர் தொப்பி, குமிழ், க்யூ பட்டன் இந்த நான்கும் தனியாகக் கிடைக்காத மிக்ஸர் எவ்வளவு கனமாக இருந்தாலும் அது உழைக்கிற பெட்டி இல்லை. சென்னையின் ரிச்சி தெரு போன்ற இடங்களில் பொதுவான பாகங்கள் கிடைக்கலாம். ஆனால், ஒரு மாடலுக்கென்றே செய்யப்பட்ட ஃபேடருக்கு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரைத்தான் நம்ப வேண்டும். விலை குறைகிறது என்று வெளிநாட்டிலிருந்து ஆள்மூலம் வாங்கி வந்தால், இங்கே வாரன்ட்டி பெரும்பாலும் செல்லாது. அமெரிக்காவில் வாங்கியது என்றால், பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது எனப் பார்க்காமல் நம் ஊர் 230 வோல்ட் பிளக்கில் சொருகவே கூடாது.

நம் ஊர் எதிரிகள்

நிறுவனங்கள் ஏ.சி கிளப்பை நினைத்து மிக்ஸர் செய்கின்றன. நம் மிக்ஸர் போவதோ குட்டி யானை வண்டியில், பந்தல் போட்ட தெருவுக்கு. அதன் எதிரிகள் வேறு.

புகை மெஷினிலிருந்து வரும் புகை அழகாகத்தான் இருக்கும். அது ஆறியதும் பிசுபிசுப்பான படலமாகப் படியும். அதன்மேல் தூசி ஒட்டும். இரண்டும் சேர்ந்து ஃபேடர் பள்ளத்தில் இறங்கினால் கரகரப்பு உத்தரவாதம். புகை மெஷினை மிக்ஸரைப் பார்த்து வைக்காதீர்கள்.

ஜிகினா பேப்பர் வெடி, பார்ட்டி ஸ்ப்ரே, பன்னீர்... கேக் வெட்டும் நேரத்தில் மிக்ஸர்மேல் ஒரு துண்டு போட்டு வைப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. ஜூஸ் டம்ளரை மிக்ஸர் மேஜையில் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், மாப்பிள்ளையே ஆனாலும்.

கரன்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் நொடி இன்னோர் எதிரி. டிஜிட்டல் மிக்ஸர் அணைந்து மறுபடி எழுந்திருக்கச் சில நொடிகள் எடுக்கும். அந்த மௌனத்தைத்தான் ஆரம்பத்தில் பார்த்தோம். மிக்ஸருக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் ஒரு சின்ன யு.பி.எஸ் போதும். ஆம்ப்ளிஃபையரை அதில் மாட்ட வேண்டாம், தாங்காது.

போடும்போது முதலில் மிக்ஸர், கடைசியில் ஆம்ப்ளிஃபையர். அணைக்கும்போது முதலில் ஆம்ப்ளிஃபையர், கடைசியில் மிக்ஸர். மாற்றிச் செய்தால் கேட்கும் 'டம்' என்ற சத்தம் ஸ்பீக்கருக்கு விழும் அடி.

கரகரப்பு வந்தால், வீட்டில் இருக்கும் துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடிப்பது பெரிய தவறு. அது ஃபேடருக்குள் இருக்கும் மசகைக் கழுவிவிடும். முதல் வாரம் சரியாகிவிட்டதுபோல இருக்கும், பிறகு முன்பைவிட மோசமாகும். எலக்ட்ரானிக்ஸுக்கான கான்டாக்ட் கிளீனர், அதிலும் பிளாஸ்டிக்கைக் கெடுக்காது என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா?

புது மாடல் வரும்போதெல்லாம் பழைய மாடல் சந்தைக்கு வரும். ஏ9 வந்த பிறகு 900 நெக்ஸஸ் 2 பழையதாக விற்பனைக்குக் கிடைப்பது அப்படித்தான். நல்ல வாய்ப்புதான், சோதித்து வாங்கினால்.

1. ஹெட்போன் மாட்டி, பாட்டு எதுவும் ஓடாதபோது வால்யூமைக் கூட்டுங்கள். இரைச்சலும் ரீங்காரமும் எவ்வளவு என்று தெரியும்.

2. பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு ஃபேடரையும் மிக மெதுவாக நகர்த்துங்கள். வேகமாகத் தள்ளினால் குறை ஒளிந்துகொள்ளும்.

3. கிராஸ்ஃபேடரை முழுக்க ஒரு பக்கம் தள்ளி, மறுபக்கப் பாட்டு கசிகிறதா என்று கேளுங்கள்.

4. பின்பக்கம் ஒவ்வொரு ஒயரையும் மாட்டி லேசாக ஆட்டிப் பாருங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் உள்ளே பலகையில் விரிசல் இருக்கலாம்.

5. இரண்டு சேனலின் க்யூ பட்டன்களை அழுத்தி ஒப்பிடுங்கள். ஒன்று சொத்தையாக அழுந்தினால் அது தேய்ந்துவிட்டது.

6. குறைந்தது அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூடான பிறகு மட்டும் தலைகாட்டும் கோளாறுகள் உண்டு.

7. திருகாணிகளின் தலையைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் பலமுறை திறக்கப்பட்டிருக்கிறது. அது குற்றம் இல்லை. ஏன் திறந்தார்கள், என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் யோசியுங்கள்.

ஆடி மாதக் கணக்கு

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான கணக்கு. கல்யாண டி.ஜேவின் வருமானம் முகூர்த்த நாளை நம்பி இருக்கிறது. தையிலும் வைகாசியிலும் ஒரே நாளில் மூன்று அழைப்பு வரும். ஆடியிலும் மார்கழியிலும் போன் அடிக்காது. ஆனால், மிக்ஸருக்குக் கட்டும் மாதத் தவணைக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது.

அதனால், இப்போதுதான் தொடங்குகிறவர் தவணையில் இரண்டு லட்ச ரூபாய் மிக்ஸர் வாங்குவதைத் தள்ளிப்போடுவது நல்லது. கன்ட்ரோலரில் கை பழகட்டும். பெரிய நிகழ்ச்சி வந்தால் நல்ல மிக்ஸரை வாடகைக்கு எடுக்கலாம். ஒரு சீசன் முழுக்க வாடகை கொடுத்த கணக்கை எழுதிவைத்தால், எந்த மாடல் தன் கைக்கு ஒத்துவருகிறது என்பதும் தெரிந்துவிடும். அந்தத் தொகை தவணையை நெருங்கும் வருடம் சொந்தமாக வாங்கலாம்.

சொந்தமாக வாங்கும் நிலை வந்துவிட்டதா? கல்யாணம், ரிசப்ஷன், கல்லூரி விழா என்று எல்லா வேலைக்கும் போகிறவர் என்றால் டி.ஜே.எம் வரிசை. மைக் வசதியும் எஃபெக்ட்டும் உள்ளேயே இருக்கின்றன, அவசரத்துக்கு வேறு டி.ஜே வந்து நின்றாலும் வாசிக்கத் தெரியும். பட்ஜெட் இடித்தால் சோதித்து வாங்கிய பழைய 900 நெக்ஸஸ் 2 போதும். நீண்ட கிளப் இசைதான் தன் வழி என்று முடிவானவருக்கு ஜோன். ஸ்கிராட்ச் என்றால் ரேன் அல்லது பயனியரின் எஸ் வரிசை, அதோடு மாற்று கிராஸ்ஃபேடருக்கும் சேர்த்து பட்ஜெட்.

வேலை இல்லாத ஆடி மாதத்தை மிக்ஸரின் சர்வீஸ் மாதமாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபேடரைச் சுத்தம் செய்து, ஒயர்களைச் சோதித்து, தேய்ந்த தொப்பிகளை மாற்றி, பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடிவைத்தால், ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நம்பிக் கிளம்பலாம்.